மூன்றில் ஒன்று

எங்கள் தீவில் கடலுக்குப் பத்திரம் உண்டு.
அத்தாயா துறைக்குக் கிழக்கே, இடுப்பளவு நீரில்
பேரீச்ச மட்டை நட்டுக் கட்டும் வேலி எங்களுடையது.
அப்பா போன நாற்பதாம் நாள்
ஸ்ஃபாக்ஸிலிருந்து கப்பலேறி வந்த நோட்டரி
காலுறை நனையாமல் கடலைப் பிரித்தார்.
மகன் மொன்ஸெஃபுக்கு இரண்டு பங்கு,
மகள் ஸல்ஹாவுக்கு ஒன்று.
(அவன் எனக்கு ஆறு வயது இளையவன்.)

எந்த ஒன்று, என்று கேட்டேன்.
மேலேயா, அடியிலா?
ஏற்றத்திலா, வற்றத்திலா?
அவர் பேனாவை மூடிவிட்டு
இன்னொரு காப்பி கேட்டார்.

மீன் மட்டையை முட்டாது.
சுவரைப் பிடித்து வீடு போகும் குடிகாரனாட்டம்
ஒட்டியே போகும்.
அறை, அதற்குள் அறை, கடைசியில் கூடை.
நீர் வற்றும்போது போய் எடுப்பதுதான் தொழில்.
இலையுதிர்காலம் மடவைக்கு, வசந்தம் கணவாய்க்கு,
நடுக்குளிர் பேய்க்கணவாய்க்கு.
அதற்கு மண்குடத்தைக் கயிற்றில் கட்டி இறக்குவோம்.
இரை வேண்டாம், காலி வீடு போதும்.
வாடகை கேட்காத வீட்டைச் சந்தேகிக்க
எட்டுக் கைகளுக்கும் தெரியாது.

கோடை என்றால் வலையைக் காயப்போட்டுத் தூங்குவது.
அப்படித்தான் இருந்தது,
நீலநண்டு வரும்வரை.

எந்தக் கப்பலின் அடிநீரில் ஏறி வந்ததோ.
வலையை வெட்டியது.
வலைக்குள் இருந்ததை வெட்டியது.
எடுக்கப்போன மொன்ஸெஃபின் கட்டைவிரலில்
இன்றும் நகம் நேராக வளரவில்லை.
தொலைக்காட்சியில் தலையறுக்கிறவர்களின் பெயரை
அதற்கு வைத்தார்கள் துறையில்.
தம்பி ஒரு கோடை முழுக்க
சுத்தியலும் கையுமாகக் கரையில் உட்கார்ந்திருந்தான்.
தீவே நாறியது.
பூனைகள் முதல் வாரம் கொண்டாடின,
இரண்டாம் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மறுவருடம் தகரக் கொட்டகை வந்தது.
குளிரறை, வெள்ளை ரப்பர் பூட்ஸ்,
கொரியாவுக்குப் போகும் அட்டைப்பெட்டி.
நான் சேர்ந்தேன்.
முப்பத்தெட்டுப் பெண்கள், ஒரு வானொலி,
எல்லோர் நகக்கண்ணிலும் உப்பு.
அங்கே இதைப் பச்சையாக ஊறப்போட்டு
விரலைச் சூப்பித் தின்கிறார்களாம்
என்று சொல்லி ஹயாத் சிரித்த சிரிப்பில்
ஒரு தட்டு நண்டு தரையில் கொட்டிப் பிழைத்தது
கொஞ்ச நேரம்.

முதல் சம்பளத்தில் தம்பிக்கு வலை வாங்கினேன்.
"நண்டுக் காசு," என்றான்.
பிரிக்காத பையோடு வலை
அவன் வாசலில் பதினொரு மாதம் கிடந்தது.
கோழி ஒன்று அதில் முட்டையிடப் பழகிக்கொண்டது.

ஜூலையில் ஒரு ராத்திரி, சோழகம் அடித்து ஓய்ந்த நேரம்,
தராசில் நான்.
வரிசையில் கடைசி ஆளாக அவன்,
இரண்டு கூடையோடு,
என்னைப் பாராமல்.
வலையில் என் முடிச்சில்லாத புது நூல் வாசனை.

"எங்கே பிடித்தது?"
எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்.
"நம்ம வேலிக்குள்ளே."
கூடையில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏற
முள் முப்பதில் நிற்காமல்
முப்பத்தொன்றுக்கும் இருபத்தொன்பதுக்கும் அலைந்தது.
"இருபதை என் பேரில் எழுது,"
என்றான், சுவரிடம்.
மீதியை யார் பேரில் என்று அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
எழுதினேன்.

அக்டோபரில் வேலி நட ஆள் போதவில்லை என்று
பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லியனுப்பினான்.
வேலை முடிந்த கோலத்தில் போனேன்.
வற்றம் திரும்பும் நேரம்.
நடந்தேன், நடந்தேன்,
கரையிலிருக்கும் கழுதை எறும்பாகும்வரை
முழங்காலுக்கு மேல் ஏறாத கடல்.

"உன் பங்கு எதுன்னு
நீயே காட்டு," என்றான்.
கொட்டகையின் வெள்ளைப் பூட்ஸுக்குள்
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
கையிலிருந்த மட்டையை
நின்ற இடத்திலேயே குத்தினேன்.
கோணலாக நின்றது.

அவன் பார்த்தான்.
அடுத்த மட்டையை
அந்தக் கோணலுக்கே ஒட்டி நட்டான்.